ஒரே டிராம், ஊருக்கு ஒரு சட்டை

சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் 1057 என்று எண் போட்ட டிராம் ஒன்று ஓடுகிறது. உடம்பு முழுக்கப் பளீர் மஞ்சள். அரைஞாண் கட்டியதுபோல் சுற்றிலும் மூன்று பச்சைக் கோடுகள். ‘தேனீ’ என்று அதற்குச் செல்லப்பெயர். ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில் அந்தக் காலத்து டிராம்கள் இப்படித்தான் இருந்தன. ஆனால் 1057 சின்சினாட்டியில் ஒருநாள்கூட ஓடியதில்லை. பிலடெல்பியாவுக்காகச் செய்த வண்டி அது. அங்கே உழைத்து ஓய்ந்தபின் சான் பிரான்சிஸ்கோவுக்கு விலைக்கு வந்தது.

அதே நிறுத்தத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் குழப்பம் கூடும். ஒன்று பாஸ்டனின் ஆரஞ்சில் வரும், அடுத்தது டொரன்டோவின் கருஞ்சிவப்பில், இன்னொன்று சிகாகோவின் பச்சையில். நிறத்தை வைத்து ‘இது இந்த ஊர் வண்டி’ என்று சொல்லப் போனால் பத்துக்கு ஒன்பது பழுதாகும். நானும் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவன்தான். நிறம் ஏன் இப்படிப் பொய் சொல்கிறது, அந்தப் பொய்க்குள் இருக்கும் நிஜம் என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டிராம், ரயில், விமானம் எதுவானாலும் ஒரு நிறுவனம் தன் வண்டிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி பூசும் வண்ண அமைப்புக்கு ‘லிவரி’ என்று பெயர். பிரபுக்கள் தங்கள் வீட்டு வேலையாட்களுக்குக் கொடுத்த சீருடைக்கு வழங்கிய சொல் அது. சீருடையைப் பார்த்தால் இவன் இன்னார் வீட்டு ஆள் என்று தெரிந்துவிடும் அல்லவா, அதே வேலைதான் இங்கேயும். எந்த இடத்தில் எந்த நிறம், கோடு எங்கே வளைய வேண்டும், கூரை என்ன நிறம், எண்ணை எந்த எழுத்தில் எழுதுவது எல்லாம் சேர்ந்ததுதான் லிவரி. வெறும் பெயிண்ட் இல்லை.

சீருடை மாறாமல் இருக்காது. முதலாளி மாறினால் மாறும். காசு குறைந்தால் மாறும். புதிதாக ஒன்றைக் காட்டி மக்களை இழுக்க வேண்டும் என்று தோன்றினாலும் மாறும். சான் பிரான்சிஸ்கோவின் சொந்தக் கதையிலேயே இந்த மூன்றும் உண்டு.

அந்த ஊரின் போக்குவரத்து நிறுவனம் ‘மியூனி’. 1912 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் பொதுமக்களுக்கே சொந்தமாக நடந்த முதல் டிராம் சேவை. முதல் வண்டிகள் சாம்பல் நிறம், ஓரங்களில் அரக்குச் சிவப்பு. 1939இல் ‘மந்திரக் கம்பளம்’ என்று பெயர் வாங்கிய ஐந்து புது டிராம்கள் நீலமும் பொன்மஞ்சளுமாக வந்தன. போருக்குப் பின் பச்சையும் கிரீமும். 1970களில் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த ஒரு தோற்றம். அதை வடிவமைத்தது வடிவமைப்பாளர் வால்டர் லேண்டரின் நிறுவனம். (அவருடைய அலுவலகமே துறைமுகத்தில் நிறுத்திய ஒரு பழைய படகுக் கப்பலுக்குள் நடந்தது. ஊருக்கு நிறம் சொல்ல அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் போலிருக்கிறது.)

இவற்றில் எனக்குப் பிடித்தது அந்தப் பச்சை-கிரீம். அதற்குச் ‘சிறகு’ என்று பெயர். வண்டியின் கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி கிரீம் என்பதோடு நிற்கவில்லை. முகப்பில், ஓட்டுநர் கண்ணாடிக்குக் கீழே, கிரீம் நிறம் இரண்டு பக்கமும் வளைந்து நீண்டு பறவை சிறகு விரித்தாற்போல இருக்கும். நின்ற வண்டிகூட முன்னால் பாய்வதுபோலத் தெரியும். பார்க்க அழகு, பூசுகிறவருக்குத் தலைவலி. உருண்டையான முகப்பில் அந்த வளைவை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கொண்டுவர, முதல் நிறம் காய்ந்தபின் மாஸ்கிங் டேப்பை அங்குலம் அங்குலமாக வளைத்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் விரல் அகலம் ஏறினாலும் வண்டி கோணல் வாயோடு சிரிக்கும். 1960களில் மியூனி சிறகை வெட்டிவிட்டது. நேர்கோடு போட்டு, கீழே பச்சை, மேலே கிரீம், வேலை முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு நிறுவனம் சிக்கனம் பிடிக்கத் தொடங்கிய காலம் கண்ணுக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை.

இனி அந்த வண்டிகளைப் பற்றி. மார்க்கெட் தெரு வழியாகப் பழைய டிராம்கள் ஓடும் பாதைக்கு ‘எஃப் தடம்’ என்று பெயர். இன்று அதில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை ‘பிசிசி’ வகை. 1930களில் கார்களின் பெருக்கத்தால் டிராம் நிறுவனங்கள் பயணிகளை இழந்துகொண்டிருந்தன. அவற்றின் தலைவர்கள் கூடிக் குழு அமைத்து, எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரு நவீன டிராமை உருவாக்கச் செய்தார்கள். அந்தத் தலைவர்கள் மாநாட்டுக் குழுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே பிசிசி. சத்தம் குறைவு, வேகம் பிடிப்பதில் கார்களோடு போட்டி போடும், உருண்டு திரண்ட உடல். 1936இல் புரூக்ளினில் முதலில் ஓடியது. வட அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்டவை ஏறத்தாழ 5,000. அவற்றில் கடைசி வண்டி 1952இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த 1040. அது இன்றும் அந்த ஊரிலேயே இருக்கிறது.

எல்லா ஊருக்கும் ஒரே வடிவம் என்பதால் ஒரு வசதி பிறந்தது. ஓர் ஊர் டிராமை ஒழித்துக் கட்டிப் பேருந்துக்கு மாறினால், அந்த வண்டிகளை அடுத்த ஊர் மலிவாக வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய கையோடு தன் நிறத்தைப் பூசிவிடலாம். இதில் டொரன்டோதான் பெரிய கை. புதிதாக 540 வாங்கியது போதாமல், சின்சினாட்டி, கிளீவ்லாண்ட், பர்மிங்காம், கான்சஸ் சிட்டி ஆகிய ஊர்கள் கழித்த 205 வண்டிகளையும் வாங்கித் தன் கருஞ்சிவப்புக்குள் மறைத்தது. கிளீவ்லாண்டிலிருந்து வந்தவற்றில் 25 வண்டிகள் முதலில் லூயிவில் என்ற ஊர் தனக்காகச் செய்யச் சொன்னவை. வண்டி தயாராவதற்குள் அந்த ஊர் மனம் மாறி, பயணி ஒருவரைக்கூட ஏற்றாமல் கிளீவ்லாண்டுக்கு விற்றுவிட்டது. அந்த 25 வண்டிகளின் கதை மூன்று ஊர்களின் நிறங்களில் நடந்த கதை.

சான் பிரான்சிஸ்கோவும் இந்தச் சந்தைக்குப் புதிதில்லை. 1957 தொடங்கி செயின்ட் லூயிஸ் நகரத்திடமிருந்து மொத்தம் 70 வண்டிகளைப் பெற்றது. சிவப்பாக வந்தவற்றுக்குப் பச்சை-கிரீம் பூசி ஓட்டியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து இது தலைகீழாக வரும்.

1982இல் பிசிசிகளின் வழக்கமான சேவை நின்றது. அதே ஆண்டு ஊரின் பெருமையான கேபிள் கார்களும் (தரைக்கடியில் ஓடும் வடம் இழுத்துச் செல்லும் தெரு வண்டிகள்) பழுதுபார்ப்பதற்காக நிறுத்தப்பட்டன. சுற்றுலாப் பயணிகளுக்கு வேறு ஏதாவது காட்ட வேண்டுமே என்று 1983 கோடையில் பழைய டிராம்களைத் திரட்டி ஒரு திருவிழா நடத்தினார்கள். ஒரு கோடைக்கு என்று தொடங்கியது 1987 வரை ஐந்து கோடைகள் நீண்டது. கூட்டத்தைப் பார்த்த ஊர், பழைய டிராம்களுக்கென்றே நிரந்தரத் தடம் போட்டது. 1995 செப்டம்பர் 1 அன்று எஃப் தடம் திறந்தது. 2000இல் அது கடலோரமாக மீனவர் துறை வரை நீண்டது.

தடம் தயாராகிறது, வண்டி வேண்டும். பிலடெல்பியாவிலிருந்து 1947-48இல் செய்த 14 பிசிசிகள் வந்தன. அவற்றுக்கு 1050 முதல் 1063 வரை எண்கள். மியூனியின் சொந்த வண்டிகள் மூன்றும் சேர்ந்து 17. எல்லாவற்றுக்கும் ஊரின் பச்சை-கிரீமையே பூசியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, பிசிசி ஓடிய ஊர்கள் ஒவ்வொன்றின் நிறத்தையும் ஒரு வண்டிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒரே முகம் கொண்ட 14 அண்ணன்தம்பிகளுக்கு 14 விதச் சட்டை. பூட்டிக் காக்க வேண்டிய அருங்காட்சியகப் பொருளுக்கு இப்படி வேறு ஊர் வேடம் போடலாமா என்று கேட்கும் ரசிகர்கள் உண்டு. என் கட்சி வேறு. இவை நாள் முழுக்கப் பயணிகளை ஏற்றி இறக்கும் வண்டிகள். வேடம் கட்டியதால்தான், டிராமே இல்லாமல் போன ஊர்களின் நினைவு ஒரு தெருவில் இன்னும் நடமாடுகிறது.

இப்படி வேறோர் ஊரை நினைவூட்டப் பூசும் வண்ணத்தை நினைவஞ்சலி வண்ணம் என்று சொல்லலாம். ஆகவே இந்தத் தடத்தின் எந்த வண்டிக்கும் மூன்று ஊர்கள் இருக்கக்கூடும்: எந்த ஊருக்காகச் செய்தார்கள், எங்கெல்லாம் ஓடியது, இப்போது யாருடைய சட்டை போட்டிருக்கிறது.

2004இல் வாங்கிய 11 வண்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவை 1940களில் மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரங்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே டிராமை ஒழித்தபோது நியூஜெர்சியின் நூவார்க் வாங்கியது. நூவார்க்கில் அரை நூற்றாண்டு காலம் ஓடிவிட்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தன. எண்கள் 1070 முதல் 1080 வரை. 1070 நூவார்க் நிறத்தில் இருக்கிறது, 1071 மினியாபொலிஸின் மஞ்சளில். இரண்டுமே உண்மையான பழைய முகவரிகள். 1072இல்தான் வேடிக்கை. அது மெக்சிகோ சிட்டியின் நிறத்தில் ஓடுகிறது. இந்த வண்டி மெக்சிகோ போனதில்லை. ஆனால் மினியாபொலிஸ் தன் வண்டிகளை விற்றபோது இதனுடன் பிறந்த 91 வண்டிகள் மெக்சிகோ சிட்டிக்குத்தான் போயின. போகாத தம்பி, போன அண்ணன்களின் சட்டையைப் போட்டிருக்கிறான்.

நிறத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் காலத்துக்கும் அதுதான் என்று இல்லை. தலைப்பாகையை மாற்றுவதுபோல் இவையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1060க்கு முதலில் நூவார்க்கின் நிறம்தான் இருந்தது. நிஜமாகவே நூவார்க்கில் ஓடிய வண்டிகள் வந்து இறங்கியதும், வேடம் போட்டவருக்கு மேடையில் வேலை இல்லாமல் போனது. இப்போது அது பிலடெல்பியாவின் 1938ஆம் ஆண்டு நிறத்தில் இருக்கிறது. 1062 முதலில் லூயிவிலின் நிறத்தில் ஓடியது. ஆம், பிசிசியை வாங்கியும் ஓட்டாத அதே லூயிவில். அந்த ஊர்த் தெருவில் பயணி யாரும் ஏறிப் பார்த்திராத ஒரு வண்ணம், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வருடக்கணக்கில் பயணிகளை ஏற்றியது. பெரிய பழுதுபார்ப்புக்குப் போய்த் திரும்பியபோது 1062 பிட்ஸ்பர்க்கின் சிவப்புக்கு மாறிவிட்டது. நியாயமான மாற்றம்தான், பிட்ஸ்பர்க்கில் பிசிசிகள் நிறைய ஓடின. இருந்தாலும் அந்த லூயிவில் கிறுக்குத்தனம் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது செயின்ட் லூயிஸுக்கு வருவோம். 1050 நெடுங்காலம் மியூனியின் சிறகு நிறத்தில் ஓடியது. பழுதுபார்த்து வந்தபின் அது செயின்ட் லூயிஸின் சிவப்பு. அன்று செயின்ட் லூயிஸ் வண்டிகளுக்கு சான் பிரான்சிஸ்கோவின் பச்சையைப் பூசி மறைத்தார்கள். இன்று பிலடெல்பியா வண்டிக்கு செயின்ட் லூயிஸின் சிவப்பைப் பூசி அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

முழுக் கற்பனையும் உண்டு. 1011 அணிந்திருப்பது மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே என்ற பழைய தனியார் நிறுவனத்தின் நிறம். மியூனிக்குப் பரம எதிரியாக இருந்த அந்த நிறுவனத்தை 1944இல் நகரம் வாங்கிவிட்டது. 1011 பிறந்ததோ 1948இல். அந்த நிறுவனம் பிழைத்திருந்து, பிசிசி வாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அந்த வண்டி. அந்த நிறுவனம் தன் டிராம்களின் முகப்புக்கு வெள்ளை அடித்ததற்குப் பெயர் பெற்றது. மங்கிய வெளிச்சத்திலும் தூரத்திலிருந்தே வண்டி வருவது தெரியட்டும் என்பதுதான் காரணம்.

பழைய நிறத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதுதான் பலரும் கேட்கும் கேள்வி. புகைப்படத்தைப் பார்த்துப் பூச வேண்டியதுதானே என்று தோன்றும். கறுப்பு-வெள்ளைப் படங்கள் இங்கே பெரிய ஏமாற்றுக்காரர்கள். தொடக்ககாலப் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. ஆகவே பளிச்சென்ற சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாக விழும், மஞ்சளும் உண்மையைவிட மங்கி விழும், நீலமோ வெளுத்துத் தெரியும். அந்தப் படத்தை நம்பிப் பூசினால் கிளிக்குக் காக்கைச் சட்டை மாட்டியது போலாகும். வண்ணப் படமும் முழு யோக்கியம் இல்லை. வருடங்கள் போகப்போகச் சாயம் மாறும், அச்சுக்கு அச்சு நிறம் வேறுபடும்.

வண்டியே சாட்சி சொல்லும் வழி ஒன்று உண்டு. வெயில் படாத ஓர் இடத்தைத் தேடுவார்கள். கதவுச் சட்டத்தின் உள்மடிப்பு, ஏதாவது தகட்டுக்குப் பின்புறம், இப்படி. அங்கே உப்புத்தாளால் வட்டமாக மெல்லத் தேய்த்துக்கொண்டே போனால் பூச்சு அடுக்கடுக்காக வெளிப்படும். நடுவில் வெறும் இரும்பு, அதைச் சுற்றி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதைச் சுற்றி முதல் நிறம், அடுத்து இரண்டாவது, மூன்றாவது. வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல. வெளிவளையம் நேற்றைய நிறம், உள்வளையம் பிறந்தநாள் நிறம். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஆனால் வேறு ஊர் வேடம் போடும் வண்டியில் இந்தச் சாட்சி உதவாது. பிலடெல்பியா வண்டியை எவ்வளவு தேய்த்தாலும் சின்சினாட்டி மஞ்சள் கிடைக்காதே. அங்கே அந்தந்த ஊர் நிறுவனத்தின் பதிவுகளையும் வரைபடங்களையும், அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் அந்த ஊர் வண்டிகளையும்தான் நம்ப வேண்டும்.

நிறம் சரியாகக் கிடைத்தாலும் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். 1053 அணிந்திருப்பது 1936ஆம் ஆண்டு புரூக்ளின் நிறம். அந்தப் பழைய பிசிசிகளில் ஒரே வரிசை ஜன்னல்தான். 1053 போருக்குப் பின் வந்த வண்டி. பெரிய ஜன்னல்களுக்கு மேலே, நின்றுகொண்டு போகிறவர்கள் நிறுத்தத்தைப் பார்க்க வசதியாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் இன்னொரு வரிசை உண்டு. பழைய நிறத்தில் அகலமாக விரிந்து கிடந்த மேல்பகுதி இங்கே துண்டு துண்டாகிவிடும். அண்ணனின் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைத்த மாதிரிதான். சின்சினாட்டியிலும் இப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த ஊரில் தலைக்கு மேலே இரண்டு மின்கம்பிகள், ஆகவே அவற்றைத் தொட்டு மின்சாரம் எடுக்க டிராம்களின் கூரையிலும் இரண்டு கம்பங்கள். நம்முடைய 1057க்கு ஒரே கம்பம். தேனீக்கு ஒரு கொம்பு குறைவு.

வேலை நடக்கும் விதம், கார் பட்டறையில் டிங்கரிங் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது, பள்ளத்துக்குப் பட்டி போட்டுத் தேய்ப்பது, பிரைமர், அதன்மேல் நிறங்கள். வெளிர்நிறத்தை முதலில் அடித்து, அது காய்ந்தபின் மறைத்துவிட்டு அடர்நிறத்தை அடிப்பது வழக்கம். கூரைக்கு எப்போதும் அழுக்கு தெரியாத நிறம்தான் புத்திசாலித்தனம். கம்பத்தின் முனையில் கம்பியோடு உரசும் கரித்துண்டு தேய்ந்து கறுப்புத் தூளாகக் கூரையில்தான் விழும்.

பிசிசி அல்லாத வண்டிகளும் இந்தத் தடத்தில் உண்டு. இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து வந்த 1928ஆம் ஆண்டு வகை டிராம்களைப் பார்த்தால், ஒரே ஊர் தன் வண்டிகளுக்கு எத்தனை முறை சட்டை மாற்றியது என்பது புரியும். முதலில் மஞ்சளும் வெள்ளையும். பிறகு பல பத்தாண்டுகள் இரண்டு வகைப் பச்சை. 1970களிலிருந்து ஆரஞ்சு. சான் பிரான்சிஸ்கோ வாங்கியபோது ஆரஞ்சாக வந்தன. பிறகு சிலவற்றைப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாற்றினார்கள். மூன்றும் அடுத்தடுத்து வந்தால் மூன்று தலைமுறைகள் ஒரே வரிசையில் வருவதுபோல் இருக்கும். மிலானிலும் அந்த வகை இன்னும் ஓடுகிறது, அங்கேயும் பழைய மஞ்சளுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

ஆகவே எஃப் தடத்தில் ஏறப் போகிறவர் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் எண். 1050 முதல் 1063 வரை என்றால் பிலடெல்பியாவின் பிள்ளை. 1070 முதல் 1080 என்றால் மினியாபொலிஸில் பிறந்து நூவார்க்கில் வளர்ந்தது. 1006 முதல் 1015 வரை, பிறகு 1040, இவை சான் பிரான்சிஸ்கோவே புதிதாக வாங்கியவை. அடுத்து, உள்ளே ஏறினால் அந்த வண்டி யாருடைய நிறத்தில் ஓடுகிறது என்று விளக்கும் பலகை இருக்கும், படியுங்கள். அதன்பிறகு இறங்கி நின்று நிறத்தைப் பார்த்தால் அதன் அருமை வேறு.

அப்படிப் பார்க்கும்போது பச்சையும் கிரீமுமாக 1055 வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பிலடெல்பியா வண்டிகள் பதினான்கில், தான் புதிதாக வந்த காலத்து ஊர்ச் சட்டையையே இன்றும் போட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். கூட்டத்திலேயே பகட்டில்லாத வண்டியும் அதுவே. பெரும்பாலானவர்கள் தேனீயைப் படமெடுப்பதற்காக அதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள்.